முதுகு காட்டும் மந்திரி

அத்தியாயம் 6

“ஆள் உயிரோடதான் உண்டு. நேத்து சாயங்காலம் வரைக்கும் உண்டு. இதோ சாட்சி” என்று சொல்லி சப்-இன்ஸ்பெக்டர் பேப்பரை மேஜை மேல் விரித்தார்.

அது ‘அழிமுகம்’ மாலைப் பத்திரிகை. முதல் பக்கத்தின் கீழ் மூலையில், உள்ளங்கை அகலக் கட்டத்துக்குள் ஒரு கார்ட்டூன் இருந்தது. தூரத்தில் வரும் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஜனங்கள். அவர்கள் எதிரே மைக் பிடித்துப் பேசும் ஒரு மந்திரி. மந்திரியின் முகம் தெரியாது. வேட்டி கட்டிய அகலமான முதுகு மட்டும்தான் தெரியும். கீழே அச்சடித்த ஒரு வரி: ‘குழாய் முன்னால் போகட்டும், தண்ணீர் பின்னால் வரும்.’

“முந்தாநாள் மந்திரி பேசினார். நேத்து இவர் வரைஞ்சிருக்கார். காணாமப் போன மனுஷன் கார்ட்டூன் வரைவானோ?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஹிஸானா. காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவளுடைய அப்பா சைபுதீன்தான் அந்தக் கார்ட்டூனை வரைகிறவர். ஓணம் கழிந்த வாரத்தில் போனைக்கூடச் சார்ஜரிலேயே விட்டுவிட்டு வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. இப்போது ஐப்பசியின் துலா மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. புகார் இன்னும் பதிவாகவில்லை.

இடது பக்கம் பத்ருன்னிசா. பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் க்ளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து மனிதர்கள் மேல் இருந்த நம்பிக்கையெல்லாம் தீர்ந்த பிறகு சொந்தத் தொழில் தொடங்கினாள். வலது பக்கம் அவளுடைய உதவியாளன் சுப்புராஜ். தென்காசிப் பக்கத்திலிருந்து ஓட்டல் வேலைக்கு வந்தவன். வாய் கொஞ்சம் நீளம் என்பதால் எந்த ஓட்டலும் அவனை வைத்துக்கொள்ளவில்லை. பத்ருன்னிசாவுக்கு அந்த வாய் தேவைப்பட்டது.

“இதுல அவர் கையெழுத்து எங்க இருக்கு சார்?” என்று கேட்டாள் பத்ருன்னிசா.

“அந்தக் கொசு. கண்ணு தெரியலையோ?”

கட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கொசு இருந்தது. சைபுதீன் பெயர் எழுதமாட்டார். கொசு போடுவார்.

“கொச்சியில கொசு கையெழுத்துப் போடாத இடம் ஏது சார்? என் முதுகுல நெறைய இருக்கு. நானும் கார்ட்டூனா?” என்றான் சுப்புராஜ்.

சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மகளோடு ஏதாவது வாக்குவாதம் நடந்திருக்கும், கோபம் தணிந்தால் வந்துவிடுவார், அதுவரை பேப்பரைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று புத்தி சொல்லி அனுப்பினார். பத்ருன்னிசா அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும், அக்கா முறையில் ‘இத்தா’ என்று கூப்பிடுகிற பத்ருன்னிசாவிடம் ஹிஸானா சொன்னாள். “சத்தியமா வாக்குவாதம் எதுவும் இல்ல இத்தா. ஆபீசுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனார். எடிட்டர்கிட்டப் போய்க் கேட்டா, படம் வந்துட்டிருக்கு, அவருக்குக் கொஞ்சம் தனியா இருக்கணுமாம், பயப்படாதேன்னு சொல்றார். தினமும் சாயங்காலம் பேப்பர் வாங்கிக் கொசு இருக்கான்னு பார்ப்பேன். இருந்தா, அத்தா இருக்கார். அன்னிக்கு ராத்திரி தூங்குவேன்.”

சாயாக்கடையில் மூன்று சாயா வந்தது. பத்ருன்னிசா பேப்பரை முழங்காலில் வைத்துக்கொண்டு பார்த்தாள். கோடுகள் நன்றாக இருந்தன. வரிசையில் நிற்கிற ஒவ்வொரு முகத்திலும் ஒவ்வொரு மாதிரி சலிப்பு. இடுப்பில் குடம் வைத்தவள், தலையில் கவிழ்த்தவள், குடத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்ட கிழவர், அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு சொம்போடு நிற்கிற ஒரு சின்னப் பெண். எல்லாரும் லாரி வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுப்புராஜ் எட்டிப் பார்த்தான். “நல்ல ஊரா இருக்கே அக்கா. இத்தன பேரு வரிசையில நிக்காவ, ஒருத்தர் கையிலயும் போன் இல்ல. எல்லாரும் தலைய நிமுத்தி நிக்காவ. இந்த ஊரு எங்க இருக்குன்னு சொன்னா நான் குடிபோயிருவேன்.”

பத்ருன்னிசா சாயாவைக் கீழே வைத்தாள்.

“என்னக்கா?”

“பேசாம இரு. இன்னொரு தடவை சொல்லு.”

“பேசாம இருக்கவா, சொல்லவா?”

அவள் தெருவைப் பார்த்தாள். எதிரே தண்ணீர் லாரி இன்னும் வராத ஒரு வரிசை நிஜமாகவே நின்றுகொண்டிருந்தது. நிற்கிறவர்களில் பெரும்பாலோர் குனிந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். குடங்கள் காலடியில் கிடந்தன.

“மோளே, உங்க அத்தா எதிர்ல பாக்கறதத்தான் வரைவார். அல்லே?”

“ஆமா. ஒரு செருப்பு வரையணும்னாக்கூட வாசல்ல போய்ப் பார்த்துட்டு வந்துதான் வரைவார்.”

“அப்ப அவர் இந்த வரிசையை நேத்து பார்க்கல. ஜனங்க கையில போன் வர்றதுக்கு முன்னாடி பார்த்திருக்கார். இது பழைய படம்.”

ஹிஸானாவுக்கு முதலில் புரியவில்லை. “ஆனா கீழ எழுதியிருக்கறது முந்தாநாள் விஷயம் இத்தா.”

“எழுதினது யாரு?”

“எடிட்டர்” என்றாள் ஹிஸானா. சைபுதீன் படித்தது தமிழ். மலையாளம் பேசுவார், வாசிப்பார், எழுத மட்டும் கை ஓடாது. அதனால் படத்துக்குள் ஒரு எழுத்துக்கூட வைக்கமாட்டார். லாரியில் எண் கிடையாது, கடையில் போர்டு கிடையாது. படத்தை வரைந்து கொடுத்துவிட்டு, என்ன சொல்ல வந்தேன் என்று வாயால் சொல்வார். கீழே வருகிற வரியை எடிட்டர் அபிராம் எழுதுவார். இருவரும் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான்.

“மந்திரிக்கும் முகம் இல்ல” என்றாள் பத்ருன்னிசா.

“அதுக்கு அத்தா ஒரு காரணம் சொல்வார். முகத்தை வரைஞ்சா அடுத்த எலெக்‌ஷன் வரைக்கும்தான். முதுகை வரைஞ்சா ஆயுசுக்கும்.”

சுப்புராஜ் தலையாட்டினான். “வெவரமான மனுஷன். கட்சி எது வந்தாலும் நமக்குத் தெரியறது அந்தப் பக்கம்தான.”

ஊகம் சரி, ஆதாரம் வேண்டும். பழைய ‘அழிமுகம்’ இதழ்கள் ‘அழிமுகம்’ ஆபீசில்தான் இருக்கும், அங்கே போய்க் கேட்டால் சுதாரித்துக்கொள்வார்கள். வேறு யாரிடம் பழைய கார்ட்டூன் இருக்கும் என்று பத்ருன்னிசா கேட்டபோது சுப்புராஜ் தன் கன்னத்தைத் தடவிக் காட்டினான். ஷேவ் செய்து நாளாகியிருந்தது.

நல்லசிவத்தின் சலூன் பஜார் ரோட்டின் ஒரு சந்துக்குள் இருந்தது. காலையில் காயல் ஏறி வந்த தண்ணீர் சந்தில் கணுக்கால் அளவு நின்றது. வாடிக்கையாளர்கள் காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு முடி வெட்டிக்கொண்டார்கள். கண்ணாடிக்கு மேலே கூரை வரைக்கும் சைபுதீனின் கார்ட்டூன்கள். பிடித்ததையெல்லாம் வெட்டி, மைதா மாவில் ஒட்டி, ஒட்டினதை மறந்துவிட்டு வருஷக்கணக்காகக் கத்திரிக்கோல் பிடித்துக்கொண்டிருந்தார் நல்லசிவம்.

சுப்புராஜ் நாற்காலியில் ஏறி நின்று தேடினான். கீழே நுரை பூசிய முகத்தோடு ஒருவர் முறைத்தார்.

“அக்கா, நம்ம வரிசை.”

அதே லாரி, அதே குடங்கள், அதே கிழவர், அதே முதுகு. காகிதம் பழுத்துப் பழுப்பாகியிருந்தது. கீழே வேறொரு வரி: ‘தேர்தல் முடியட்டும், தண்ணீர் வரும்.’

“இது எப்ப ஒட்டினது அண்ணாச்சி?”

“எம் மக பொறந்த வருஷம். இப்ப அவ காலேஜ் போறா” என்றார் நல்லசிவம்.

“நேத்தைய பேப்பர் பார்த்தீங்களா?”

“பாக்காம? இந்தா கெடக்கு. தண்ணி லாரி. என்னமா போட்டிருக்காரு. நேத்து பூரா கடையில அதான் பேச்சு.” சொல்லிவிட்டு, சுப்புராஜின் விரல் நிற்கிற இடத்தை நிமிர்ந்து பார்த்தார். கையில் இருந்த பேப்பரைப் பார்த்தார். மறுபடி நிமிர்ந்தார். அந்தப் படத்துக்கு அடியில் நின்றுகொண்டுதான் அவர் நேற்றெல்லாம் அதே படத்தைப் புகழ்ந்திருக்கிறார்.

ஹிஸானா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொம்போடு நிற்கிற அந்தச் சின்னப் பெண்ணின் நெற்றியில் ஒரு சுருட்டை முடி விழுந்திருந்தது. ஹிஸானாவின் நெற்றியிலும் அதே இடத்தில் அதே சுருட்டை இருந்தது. “இது நான்” என்றாள் மெதுவாக. “என்னை நிக்க வச்சுத்தான் வரைஞ்சார். நேத்து பார்த்தேனே இத்தா. நேத்து நான் இதைப் பார்த்தேனே.”

நல்லசிவம் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார்.

பத்ருன்னிசா சந்தில் நின்ற தண்ணீரைப் பார்த்தாள். பிறகு சுவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். ஒரு மூலையில், தெருவெள்ளத்தில் கட்டிலைத் தோணியாக்கி, துடைப்பத்தால் துழாவி ஆபீசுக்குப் போகிற குமாஸ்தாவின் படம் இருந்தது. பாலத்தின் மேல் நின்று கையசைக்கிறது அந்த முதுகு.

“அண்ணாச்சி, ஒரு ப்ளேடு கொடுங்க. இன்னிக்குச் சாயங்காலம் இதுதான் வரும்.”

“ஜோசியமா?” என்றான் சுப்புராஜ்.

“காயல் ஏறியிருக்கு. அபிராமுக்கு வெள்ளப் படம் வேணும். சைபுதீன் வரைஞ்சதுல இதை விட நல்ல வெள்ளம் இந்தச் சுவர்ல இல்ல. எடிட்டர்னா நல்லதைத்தான் எடுப்பார்.”

‘அழிமுகம்’ ஆபீஸ் பாலஸ் ரோட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. மத்தியானத்துக்குள் பக்கம் முடித்து அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்பதால் எல்லாரும் கம்ப்யூட்டரில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். எடிட்டர் அபிராம், பக்கம் வடிவமைக்கிற அம்ருதாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஏதோ வரி சொல்லிக்கொண்டிருந்தார். நரைத்த தாடி, தலைமேல் தூக்கிவிட்ட கண்ணாடி. ஹிஸானாவைப் பார்த்ததும் முகத்தில் ஒரு அன்பு வந்தது. அது பழகிப்போன அன்பு.

“மோளே, சொன்னேனே, சைபு சுகமா இருக்கார். இன்னிக்குப் படம்கூட வந்தாச்சு.”

“நாங்க பார்த்தாச்சு சார்” என்றாள் பத்ருன்னிசா.

“வெளியவே வரலியே. எப்படிப் பார்த்தீங்க?”

அவள் பையிலிருந்து மைதா ஒட்டிய காகிதத்தை எடுத்து அம்ருதாவின் மேஜையில், திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். திரையில் கட்டில் தோணி. காகிதத்தில் கட்டில் தோணி. திரையில் இருந்த கொசு மட்டும் கொஞ்சம் பளிச்சென்று இருந்தது.

அம்ருதா மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அபிராம் தலைமேல் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். பிறகு நாற்காலி ஒன்றைத் தேடி உட்கார்ந்தார்.

“அவர் எங்கே?” என்றாள் ஹிஸானா.

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினார்.”

“அப்ப உயிரோட இருக்காரா?”

“இருக்கார், இருக்கார். ஆலுவாவில ஒரு லாட்ஜில. பயப்படாதே.” அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். மலையாளமும் தமிழும் கலந்து மெதுவாகச் சொன்னார். “ஓணம் கழிஞ்ச வாரம். தண்ணி லாரி பத்தி ஒண்ணு வரை சைபுன்னு சொன்னேன். பாதி வரைஞ்சார். பென்சில் நின்னுபோச்சு. இதை நான் முன்னாடியே வரைஞ்சிருக்கேனேன்னார். அம்ருதா பழசை எடுத்துக் காட்டினா. அதே லாரி, அதே குடம். சிரிச்சார். அப்புறம் ரோட்டுக் குழி கேட்டார். இருந்துச்சு. இடிஞ்சு விழற வீடு கேட்டார், இருந்துச்சு. கொசு மருந்து, குப்பை, வெள்ளம், எல்லாம் இருந்துச்சு. அப்ப சிரிப்பு போயிருச்சு.”

“அப்புறம்?”

“இனி நான் வரையல, இதையே போடுன்னார். படம் பழசுன்னு ஒரே ஒரு ஆள் கண்டுபிடிச்சுச் சொன்னா எனக்கு போன் பண்ணு, அன்னிக்கே வந்து புதுசா வரையறேன். ஒருத்தரும் சொல்லலேன்னா, நான் இவ்வளவு காலம் வரைஞ்சது யாருக்கு அபிராம்னு கேட்டார்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

அபிராம் தயங்கினார். “உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் முதல்ல சொன்னார். ஹிஸானா தினம் பேப்பர் பார்ப்பா, அவதான் முதல்ல பிடிப்பான்னார். ரெண்டு நாள்ல போன் வரும் பாருன்னு சிரிச்சுட்டே பஸ் ஏறினார்.”

ஹிஸானா முகத்தைப் பொத்திக்கொண்டாள். “நான் கொசுவை மட்டும்தான் பார்த்தேன்” என்றாள்.

பத்ருன்னிசா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அழறதை அப்புறம் வச்சுக்கலாம். இப்பக் கண்டுபிடிச்சாச்சு. பந்தயத்துல அவர் ஜெயிச்சாச்சு. சார், போன் போடுங்க.”

அந்த அறையில் அத்தனை பேர் முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்தது. சுப்புராஜ் கைகளைத் தேய்த்தான். “வாறப்ப எனக்கும் ஒரு படம் போட்டுத் தரச் சொல்லுங்க. மந்திரிய மாதிரி இல்லாம முன்பக்கத்த வரையணும். கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்திட்டிருக்கேன்.”

அபிராம் நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். நெடுநேரம் அடித்தது. லாட்ஜ் மேனேஜர் எடுத்தார்.

“அழிமுகம் பத்திரிகையிலிருந்து பேசறேன். சைபுதீனைக் கூப்பிடணும்.”

“பத்திரிகையா? இப்பவோ?” என்றது எதிர்முனை. “அவர் பெட்டி இங்க உண்டு. ஆள் இல்லா.”

“இல்லைன்னா? வெளிய போயிருக்காரா?”

“செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புழைக்கரைக்கு, ஆத்தோரமா நடக்கப் போனார். இன்னும் வந்திட்டில்லா. பெட்டி இருக்கில்லே, வருவார்னு நினைச்சேன். லாட்ஜ் அல்லே சார், ஆள் வரும், போகும்.”

அன்று வெள்ளிக்கிழமை. ஹிஸானா ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்தாள். “அவர் எதாவது சொன்னாரா? நான் அவரோட மகள்.”

“ஒண்ணும் சொல்லலியே மோளே. நல்ல மனுஷன். தினம் பேப்பர் வந்தா முதல்ல அவருக்குத்தான் கொடுக்கணும். மூலையில உள்ள படத்தை மட்டும் பார்ப்பார். பார்த்துட்டு என்கிட்ட வந்து, போன் வந்துதான்னு கேப்பார். இல்லைன்னு சொன்னா மாடிக்குப் போயிருவார். தினம் கேப்பார். செவ்வாய்க்கிழமை மட்டும் கேட்கல.”

யாரோ போனை அணைத்தார்கள். அது அபிராமின் கைதான்.

அம்ருதா அழுதுகொண்டிருந்தாள். அவள் அழும்படி அவளிடம் யாரும் இதுவரை ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. பத்ருன்னிசா அவளையே பார்த்தாள். பொய்க் க்ளெய்ம் பிடித்த கண்கள் அவை.

“நீ சொல்லு. யாராவது போன் பண்ணினாங்களா?”

அம்ருதா எடிட்டரைப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். “திங்கக்கிழமை. கலூர்லேர்ந்து ஒரு சேச்சி. குழிப் படம் பழசுதானே, என் சமையக்கட்டு அலமாரியில ஒட்டியிருக்கேன், ஏன் திரும்பப் போடறீங்கன்னு கேட்டாங்க. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஓடிப்போய் சார்கிட்டச் சொன்னேன். நான் பண்ணிக்கறேன்னார்.”

ஹிஸானா திரும்பினாள். திங்கட்கிழமை. அவர் புழைக்கரைக்குப் போனது செவ்வாய். அந்தக் கணக்கை அவளுக்கு யாரும் போட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

“ஏன் பண்ணல?” என்று கேட்டாள். சத்தம் போடவில்லை.

அபிராம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “அவர் போறதுக்கு முந்தின கொஞ்ச காலமா படம் சரியா இல்ல மோளே. கோடு தளர்ந்துபோச்சு. ஒருத்தரும் சிரிக்கல. பழசு போட ஆரம்பிச்சப்புறம் தினம் கடிதம், தினம் போன், என்ன கூர்மை, என்ன தைரியம்னு. சைபு திரும்பி வந்துட்டார்னு எல்லாரும் சொன்னாங்க. இன்னும் ஒரு வாரம் போகட்டும்னு நினைச்சேன். அவ்வளவுதான். அவருக்கு இப்படி ஆகும்னு சத்தியமா நினைக்கல.”

“பழசுதான் நல்லா இருந்துச்சு. அதனால மனுஷன் வேண்டாம். அல்லே?” என்றாள் பத்ருன்னிசா.

அவர் தலை குனிந்தார். அடிக்கலாம் போல் இருந்தது பத்ருன்னிசாவுக்கு. அடித்தால் செவ்வாய்க்கிழமை திரும்பி வருமா என்ன?

அவள் சப்-இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள். கார்ட்டூன் பழசு என்பதைச் சொன்னாள். லாட்ஜைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படின்னா ஆள் இங்கே காணாமப் போகல. ஆலுவாவில. புகாரை அங்கல்லே கொடுக்கணும்” என்றார்.

சுப்புராஜ் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். ஆலுவாவுக்குத்தான்.

ஹிஸானாவும் அவனோடு போகக் கிளம்பினாள். பத்ருன்னிசா தடுத்தாள். “நீ இங்க இரு மோளே. அவர் எங்க இருந்தாலும் ஒரு விஷயத்தை விடமாட்டார். சாயங்காலம் பேப்பர் பார்ப்பார். மூலையைத்தான் பார்ப்பார். அந்த மூலை நம்ம கையில இருக்கு.”

அம்ருதா அதற்கு முன்பே கட்டில் தோணியைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தாள். கட்டம் காலியாக, வெள்ளையாக இருந்தது.

“‘நான் கண்டுபிடிச்சேன்’னு போடு மோளே. அதைத்தான் அவர் கேட்க நினைச்சார்” என்றாள் பத்ருன்னிசா.

“நான் கண்டுபிடிக்கலையே இத்தா.” ஹிஸானா யோசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள், அபிராம் அதை மலையாளத்தில் எழுதினார், அவளுடைய அப்பாவுக்காக எழுதுகிற மாதிரியே. ‘அத்தா, படங்கள் பழையவை என்று தெரிந்துவிட்டது. வாருங்கள். இங்கேதான் இருக்கிறேன். ஹிஸானா.’ அடியில் ஆபீஸ் போன் நம்பர். கட்டத்தில் வேறு எதுவும் இல்லை.

மழைக்கு நடுவே கட்டுகள் வண்டியேறின. தோப்பும்படி, கலூர், காக்கநாடு, ஆலுவா என்று பேப்பர் போய்ச் சேருகிற நேரத்துக்காக அவர்கள் மூன்று பெண்களும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அபிராம் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதலில் பத்ருன்னிசாவின் செல்போன் அடித்தது. சுப்புராஜ்.

“பெட்டியப் பாத்தேன் அக்கா. சட்டையெல்லாம் மடிச்சு வச்சிருக்காரு. படித்துறையில கேட்டேன், கடைகள்ல கேட்டேன். பாத்ததாச் சொல்லுதவங்க ஒருத்தரும் இல்ல. ஆத்துல தண்ணி கரைய முட்டிப் போவுது. இன்னும் தேடுதேன். அந்தப் புள்ளகிட்ட ஒண்ணும் சொல்லாதீய.”

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஹிஸானா அவள் முகத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் ஆபீஸ் போன் அடித்தது. ஹிஸானா பாய்ந்து எடுத்தாள். “அத்தா?”

“ஹலோ, அழிமுகம் அல்லே?” ஒரு ஆண் குரல். “இன்னிக்கு கார்ட்டூன் எங்கே போச்சு? ஊரே வெள்ளத்துல கிடக்கு, இன்னிக்குப் பார்த்தா லீவு?”

அவள் வைத்தாள். உடனே அடுத்த மணி. ஒரு கடைக்காரர். கார்ட்டூனுக்காகத்தான் அந்தப் பேப்பரையே வாங்குகிறேன் என்றார். அடுத்து ஒரு பெண், குடும்ப விவகாரத்தையெல்லாம் முதல் பக்கத்தில் போடலாமா என்று கேட்டாள். அதற்கடுத்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார். “ஆரம்பத்திலிருந்து பார்க்கிறேன் மோளே. ஒரு நாள் விட்டதில்லை. ஒவ்வொரு கோட்டையும் உத்துப் பார்க்கிற ஆள் நான். அவர்கிட்டச் சொல்லு, நாளைக்கு ரெண்டாப் போடணும்.”

“சொல்றேன்” என்றாள் ஹிஸானா.

மணி நிற்கவில்லை. பழையதைத் திரும்பத் திரும்பப் போட்ட வாரங்களில் படம் பழசுதானே என்று ஒரே ஒருத்தி கேட்ட போன் அது. ஒரு நாள் கட்டம் காலியானதும் ஊர் முழுக்கக் கண்டுபிடித்துவிட்டது. அம்ருதா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். இத்தனை வருஷத் தொழிலில் இவ்வளவு சரியாகக் கண்டுபிடித்து இவ்வளவு பிரயோஜனமில்லாமல் போனது இதுதான் முதல் தடவை என்று பத்ருன்னிசா நினைத்தாள். போனின் ஒயரைப் பிடுங்கக் கையை நீட்டினாள்.

ஹிஸானா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேண்டாம் இத்தா. அடுத்தது அத்தாவா இருக்கலாம்.”

மறுபடி அடித்தது. அவள் எடுத்தாள். காக்கநாட்டிலிருந்து ஒரு பெரியவர், இன்றைக்குக் கார்ட்டூன் ஏன் இல்லை என்று கேட்டார்.